வரலாறும் குடியுரிமைக் கல்வியும் படிப்பிக்கப் பயிற்சி எடுத்தால் அரசாங்கம் ஏதாவது தருமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படித்தான் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம் முடித்துவிட்டீர்கள். புளோரிடாவில் இருக்கிற மச்சாள் ஒருவர், அங்கே குடியியல் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முடித்தால் ஸ்டேட் மூவாயிரம் டொலர் கொடுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இங்கே அப்படி ஏதும் உண்டா, இல்லையென்றால் டிப்-இன்-எட் (பட்டதாரிகள் செய்கிற கல்வி டிப்ளோமா) செய்வது காசைக் கரைக்கிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறதாக எனக்குப் பட்டது: “இந்தப் பாடத்தை யாராவது மதிக்கிறார்களா?” இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். முப்பது வருடம் சேவையில் இருந்தவன், அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் வரலாற்றுக்கு ஆசிரிய ஆலோசகராக யாழ். மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் ஏறி இறங்கினவன். என் அனுபவம் இந்த மாவட்டத்தோடு நிற்கிறது. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் அந்த ‘ஸ்டேட்’ என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. மச்சாள் சொன்ன ஸ்டேட், நாட்டு அரசாங்கம் இல்லை, மாநிலம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதம். புளோரிடாவின் திட்டம் உண்மைதான். குடியியல் பற்றிய இணையவழிப் பாடநெறி ஒன்றை முடிக்கிற ஆசிரியருக்கு 3,000 டொலர் கொடுக்கிறார்கள். ஆனால் அதை வைத்து அமெரிக்கா முழுக்க வரலாற்று ஆசிரியருக்குக் காசு கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். சமஷ்டி அரசாங்கத்தின் கடன் தள்ளுபடித் திட்டத்தைப் பாருங்கள். வருமானம் குறைந்த பிரதேசத்துப் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் படிப்பித்தால், படிப்புக்கு வாங்கின கடனில் ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணிதமோ விஞ்ஞானமோ படிப்பித்தால் 17,500 டொலர் வரை கழியும். வரலாறு என்றால் 5,000 டொலர் வரைதான். அதே பள்ளிக்கூடம், அதே ஐந்து வருடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. வரலாற்று வாத்தியார் அங்கேயும் இரண்டாம் வரிசைதான் என்பதை இதைவிடத் துலக்கமாகச் சொல்ல முடியாது.

அங்கே எனக்குப் பிடித்த திட்டம் வேறொன்று. அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கினவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மடிசன் பெயரில் 1986இல் அவர்களுடைய காங்கிரஸ் ஒரு நிதியத்தை உண்டாக்கியது. வரலாறும் குடியியலும் படிப்பிக்கிற, அல்லது படிப்பிக்கப் போகிற ஆட்களுக்கு முதுமாணிப் படிப்புக்கு 24,000 டொலர் வரை கொடுக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தெரிவு செய்யப் பார்ப்பார்கள். இரண்டு நிபந்தனை உண்டு. அந்தப் படிப்பில் கணிசமான பங்கு அரசியலமைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். காசு வாங்கின ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் வகுப்பறையில் நிற்க வேண்டும். தொகை பெரிது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசிரியர் தன் பாடத்தை ஆழமாகப் படிக்கவேண்டும் என்பதற்காகக் கொடுக்கிற காசு இது. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி எங்கள் பக்கம். இங்கே பாடத்தைப் பார்த்துக் கொடுக்கிற ஊக்கத்தொகை என்று வரலாற்றுக்கோ குடியுரிமைக் கல்விக்கோ ஒன்றும் இல்லை. எங்கள் அரசாங்கம் வேறு விதமாகக் கொடுக்கிறது. அது ஊக்கத்தொகை என்ற பெயரில் வருவதில்லை என்பதால் நாங்கள் அதை எண்ணுவதில்லை. உயர்தரம் முடித்து இசட் புள்ளியின் அடிப்படையில் தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போகிற பிள்ளையை எடுங்கள். கோப்பாயில் ஒன்று, வவுனியா பூந்தோட்டத்தில் ஒன்று என்று வடக்கில் உண்டு. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பள்ளிக்கூடத்தில் உள்ளகப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவு உண்டு. அந்தக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலேயே கனகாலம் நின்றது. விடுதிச் சாப்பாட்டுக்கே அது காணாமல் வீட்டில் தேங்காயும் மாவும் கட்டிக் கொண்டு போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனாலும் படிப்பு முடிய நியமனம் வருகிறது. எங்கள் ஊரில் அதுதான் பெரிய ஊக்குவிப்பு. மூவாயிரம் டொலரையும் அரசாங்க உத்தியோகத்தையும் பக்கத்தில் வைத்து எது வேண்டும் என்று எந்த யாழ்ப்பாணத்துத் தாயிடமாவது கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பட்டதாரி. ஆகவே உங்களுக்கு அந்த வழி இல்லை. உங்களுடைய வழி நேரெதிர்த் திசையில் போகிறது. கல்லூரிப் பிள்ளைக்கு முதலில் பயிற்சி, பிறகு நியமனம். பட்டதாரிக்கு முதலில் நியமனம், பிறகு பயிற்சி. மாகாணப் பாடசாலை என்றால் மாகாண சபையின் வெற்றிடம், தேசிய பாடசாலை என்றால் மத்திய அமைச்சின் வெற்றிடம். வர்த்தமானி அறிவித்தல் வரும், போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, செயன்முறைப் பரீட்சை. அதெல்லாம் தாண்டினால் நியமனக் கடிதத்தோடு நேரே வகுப்புக்குள் விடுவார்கள். கையில் பட்டம் இருக்கும், வெண்கட்டி பிடிக்கத் தெரியாது. டிப்-இன்-எட் அதற்குப் பிறகுதான். அதுவும் பெரும்பாலும் சேவையில் இருக்கிறவர்களுக்கான படிப்பு. சனி ஞாயிறுகளில் போய்ப் படிக்கிறவர்கள்தான் கூட, கட்டணமும் சொந்தக் காசு. சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுக்கிற வழியும் இருக்கிறது. அப்படிப் போனால் திரும்பி வந்து இவ்வளவு காலம் வேலை செய்வேன் என்று பிணை வைக்கவேண்டும்.

அப்படியென்றால் அது காசைக் கரைக்கிற வேலையா? இல்லை. இதை உறுதியாகச் சொல்லலாம். பட்டத்தோடு டிப்-இன்-எட் சேர்ந்தால்தான் ஆசிரியர் சேவையில் 2-II தரத்துக்கு ஏறுகிற படி திறக்கும். சம்பளப் படிநிலை மாறும், பிறகு அதிபர் சேவைக்கோ கல்வி நிர்வாக சேவைக்கோ போக நினைத்தாலும் அது உதவும். கட்டின காசு சில வருடங்களில் சம்பளத்தில் திரும்பி வந்துவிடும், ஓய்வூதியம் வரைக்கும் கூடவே வரும். ஒரு தடவை தருகிற டொலரைவிட இது நல்ல பேரம் என்றுகூட வாதாடலாம். ஆனால் இப்போதே, நியமனம் கிடைக்க முந்தி, யாராவது தனியார் நிறுவனம் ‘ஆசிரியர் டிப்ளோமா’ என்று விளம்பரம் போட்டால் பாய்ந்து போய்ச் சேரவேண்டாம். ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு (சேவை விதிகள்) ஏற்றுக்கொள்கிற தகைமையா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். பிரமாணக் குறிப்பில் இல்லாத சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘பயிற்சிக் கொடுப்பனவு’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்தவர்கள் இங்கே நிறையப் பேர். 2020 செப்டெம்பரில் வேலையற்ற பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்தார்கள். பலர் பள்ளிக்கூடங்களுக்கு வந்தார்கள், ஆசிரியர்போலவே படிப்பித்தார்கள். பதவியோ அபிவிருத்தி உத்தியோகத்தர். ஆசிரியர் சேவைக்குள் எடுங்கள் என்று பிறகு வருடக்கணக்காகப் போராட வேண்டிவந்தது. ஆகவே கொடுப்பனவு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னம், அந்தக் கடிதத்தில் பதவியின் பெயர் என்ன என்று பாருங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாடத்தை மதிக்கிறார்களா? கடதாசியில் மதிக்கிறார்கள். 1972 சீர்திருத்தத்தோடு வரலாறு, புவியியல், குடியியல் எல்லாம் சமூகக் கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் போய்விட்டன. என் வயதுக்காரர் அதைத்தான் படித்தோம், ஒன்றையும் முழுசாகப் படிக்கவில்லை. 2007 சீர்திருத்தத்தில் வரலாறு தனிப் பாடமாகத் திரும்பி வந்தது, சாதாரண தரம் வரை கட்டாயம். குடியுரிமைக் கல்வி கீழ் வகுப்புகளில் வாழ்க்கைத் தேர்ச்சியோடு சேர்ந்து வருகிறது, பத்தாம் பதினோராம் வகுப்பில் விருப்பமானவர்கள் எடுக்கலாம். 2025இல் புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபோது வரலாற்றைக் கட்டாயமாக வைக்கிறதா விடுகிறதா என்று நாடு முழுக்க வாதம் நடந்தது. அவ்வளவு வாதம் நடத்தினவர்கள், அதைப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி கொடுக்கிறோம் என்று கேட்ட மாதிரித் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நடப்பது இதுதான். வருடத் தொடக்கத்தில் அதிபர் நேரசூசி போடுவார். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு முதலில் ஆள் போடுவார். பிறகு மிச்சப் பாடவேளைகளை எண்ணுவார். யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவருக்குக் குடியுரிமைக் கல்வி. “சிவிக்ஸ்தானே ரீச்சர், வாசிச்சு விளங்கப்படுத்துங்கோ.” வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் மேற்பார்வைக்குப் போன அன்று, மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர் ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளூராட்சி படிப்பித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி, தன் பாடத்தில் வலயத்திலேயே பெயர் எடுத்தவர். புத்தகத்தைப் பிடித்தபடி பிரதேச சபையின் பணிகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஜன்னலால் பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் பிரதேச சபைக் கட்டிடம். குப்பை உழவியந்திரம் வெளிக்கிடுகிற சத்தத்தில் ஆசிரியை இரண்டு தரம் வாசிப்பை நிறுத்த வேண்டிவந்தது. அந்தக் கட்டிடத்துக்குள் போயிருக்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கையும் உயரவில்லை. ஆசிரியையும் போனதில்லை.

அடுத்த கிழமை செயலாளரிடம் கேட்டு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனோம். நாற்பது நிமிடம்தான். அறிவித்தல் பலகையில் பாதீட்டின் சுருக்கம் ஒட்டியிருந்தது. ஒரு பெடியன் விரலால் கோடு பிடித்து வாசித்துக்கொண்டு போய், வீதி விளக்கு என்ற வரியில் நின்றான். “சேர், இவ்வளவு காசு இருக்கெண்டால் எங்கட ஒழுங்கையில ஏன் லைற் எரியேல்லை?” உத்தியோகத்தர் சிரித்தார், பிறகு ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அன்று பின்னேரம் அந்த ஆசிரியை எனக்குச் சொன்னது: “எனக்கு ஒருத்தரும் இதைப் படிப்பிக்கச் சொல்லித் தரேல்லை சேர்.” இது அவருடைய குற்றம் இல்லை. அவருக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும் ஒரு ஆசிரியர் வழிகாட்டியும் இரண்டு நாள் கருத்தரங்கும்தான். எங்கள் கருத்தரங்குகள் உங்களுக்கு இனித்தான் தெரியவரும்: காலையில் கையொப்பம், பத்து மணிக்கு ரோல்ஸும் தேத்தண்ணீரும், மத்தியானம் சோற்றுப் பார்சல், மூன்று மணிக்குச் சான்றிதழ். நானே அப்படிக் கனக்க நடத்தியிருக்கிறேன், ஆகவே பகிடி பண்ண எனக்கு உரிமை உண்டு.

எங்கள் அமைப்பில் பிசகுவது இந்த இடத்தில்தான். எங்கள் அரசாங்கம் ஆசிரியர் ஆவதற்குக் காசு கொடுக்கிறது, தரம் உயர்வதற்குக் கொடுக்கிறது. பாடத்தைப் படிப்பதற்குக் கொடுப்பதில்லை. டிப்-இன்-எட்டில் நீங்கள் படிக்கப்போவது கல்வி உளவியல், கணிப்பீடு, பாடத்திட்டம் இவையெல்லாம். கற்பித்தல் முறை என்று உங்கள் பாடத்துக்கும் ஒரு பகுதி வரும், ஆனால் நயினாதீவுக் கல்வெட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி வாசித்துக் காட்டுவது என்று அதில் யாரும் சொல்லித் தரப்போவதில்லை. ஆசிரியர் அதை எங்கேயாவது தன் காசில், தன் நேரத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்வெட்டைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு போட்டது, பன்னிரண்டாம் நூற்றாண்டு, தமிழில். அயல்நாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து இறங்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரசனின் திறைசேரிக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பண்டம் கொண்டுவருகிற கப்பல் என்றால் பாதிப் பாதி. ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பிள்ளை, தகப்பன் கடற்றொழில் செய்கிறவர், “அரசனுக்குச் சண்டைக்கு யானையும் குதிரையும் தேவை சேர். கூடப் பிடிச்சால் பிறகு ஒருத்தனும் கொண்டுவர மாட்டான்” என்றாள். வரலாறும் வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது, வரி என்றால் என்ன என்பதும் வந்துவிட்டது. அங்கே படிப்பித்த ஆசிரியர் மூன்று வருடமாகக் குறிகட்டுவானில் இருந்து வள்ளம் ஏறி அந்தக் கோயில் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தவர். கல்வெட்டு இருக்கிறது என்று தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவருக்குக் கொடுத்த கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு வள்ளத்துக்கும் பஸ்சுக்கும் சரி.

குடியுரிமைக் கல்வியிலும் இப்படித்தான். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது என்று எல்லாப் பிள்ளையும் எழுதும். அந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது, பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கேட்டுக்கொண்டது, எங்கள் ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன என்பதைப் பத்தில் ஒரு வகுப்பில்கூட நான் கேட்டதில்லை. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளை இரண்டு பக்கமாக இருத்தி வாதாட விட்டால், அதைவிட நல்ல குடியுரிமைப் பாடம் ஏது? ஆனால் அதற்கு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். எங்கள் ஊரில் வரலாறும் குடியியலும் நெருப்போடு விளையாடுகிற பாடங்கள். ஒரு பிள்ளை எழுந்து 1981ஐப் பற்றிக் கேட்டால், நூலகத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பயப்பிடுகிற ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயிற்சி இல்லாதவர் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வார். பயிற்சி எடுத்தவர்களிலும் சிலர் ஒளிந்துகொள்வார்கள்தான்.

ஒரு வருடம் நாங்களே ஒரு பரீட்சார்த்தம் செய்து பார்த்தோம். பதினெட்டு ஆசிரியர்கள், ஒரு மினிபஸ், ஆளுக்குக் கொஞ்சம் காசு. ஆனைக்கோட்டை, கந்தரோடை, கோட்டை, நாவலர் வீதி அருங்காட்சியகம். ஆனைக்கோட்டையில் 1980இல் பல்கலைக்கழகத்து ஆட்கள் பேராசிரியர் இந்திரபாலா தலைமையில் அகழ்ந்து பழைய எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்த இடம் என்று காட்டின காணியில் அன்றைக்கு இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆசிரியர் கேட்டார்: “பதினொரு வருசமாப் படிப்பிக்கிறன், இதுக்குப் பக்கத்தாலதான் பள்ளிக்கூடம் போறனான். இதுவோ அது?” அதற்குப் பிறகு வந்த மேற்பார்வைகளில் அந்தப் பதினெட்டுப் பேருடைய வகுப்புகளிலும் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். புத்தகம் மேசையில் கிடந்தது, ஆசிரியர் எழுந்து நின்று கதைத்தார். பரீட்சைப் பெறுபேறு கூடினதா என்றால், கூடினது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை மினிபஸ்ஸில் ஏறுவார்கள். அவர்களுடைய வகுப்புகள் முதலே நல்லாகவும் இருந்திருக்கலாம். புளோரிடாத் திட்டத்துக்கும் இதே சந்தேகம் பொருந்தும். காசுக்காகப் பாடநெறியை முடித்தவர் வேறு, படிக்கவேண்டும் என்று முடித்தவர் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ்தான்.

என் கையில் அதிகாரம் இருந்தால், ஆசிரியர் கையில் காசைக் கொடுக்காமல், வருடத்துக்குப் பத்து நாள் கடமை விடுமுறையும் மினிபஸ் வாடகையும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையோடு ஒரு தொடர்பும் கொடுத்திருப்பேன். நியமனப் பாடம் அல்லாதவரிடம் குடியுரிமைக் கல்வியைக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு, முதலில் அவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பு என்று ஒரு சுற்றுநிருபம் போட்டிருப்பேன். ஓய்வு எடுத்தவன் இப்படி எல்லாம் சொல்லலாம், கையெழுத்து வைக்கவேண்டியது வேறு ஆட்கள்.

உங்களுக்குச் செய்யக்கூடியது இது. வர்த்தமானி வருகிறதா என்று பாருங்கள், போட்டிப் பரீட்சைக்கு இப்போதே படியுங்கள். நியமனப் பாடம் வரலாறு என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பம் வையுங்கள். முதல் வருடமே டிப்-இன்-எட்டுக்கு விண்ணப்பிக்க அவசரப்படாமல் ஒரு வருடம் வகுப்பைப் பழகுங்கள். பிறகு போனால் அங்கே சொல்கிறது விளங்கும். தீவக வலயத்தில் வெற்றிடம் என்றால் தயங்காமல் எடுங்கள், உங்களைப்போல வரலாறு படித்தவர்கள் அங்கே குறைவு. காற்றுக் காலத்தில் நெடுந்தீவுக்குப் போகிற குமுதினிப் படகில் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், ஒரு தேசிக்காய் கையில் வைத்திருங்கள்.